முள் போட்ட இடம்

கல்யாணப் பத்திரிகைக் கட்டு சாமி படத்துக்குக் கீழே பிரிக்கப்படாமலே கிடந்தது. அச்சகத்தில் சுற்றிக் கொடுத்த பழுப்புத் தாளைக்கூட நஞ்சம்மா கிழிக்கவில்லை. அத்திப்பள்ளியில் மாப்பிள்ளை வீட்டார் தங்கள் உறவுக்கெல்லாம் வைத்து முடித்துவிட்டு, "நீங்க எப்ப ஆரம்பிக்கறீங்க?" என்று போனில் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். தையில் முகூர்த்தம். கார்த்திகை முடியப் போகிறது.

"மொதப் பத்திரிக அவுருக்கு. அப்பறந்தான் மத்தவங்களுக்கு," என்றாள் நஞ்சம்மா.

அவர்கள் குடும்பத்தில் இறந்தவரைச் சொந்த நிலத்திலேயே புதைப்பது வழக்கம். வீட்டில் கல்யாணம் வந்தால் முதல் பத்திரிகையைச் சமாதியின் தலைமாட்டில் வைக்க வேண்டும். வைத்தால் மட்டும் போதாது. கல்யாணப் பெண்ணோ பையனோ அதை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். நாராயணப்பனும் தன் கல்யாணத்தில் தன் அப்பனுக்கு அப்படித்தான் படித்துக் காட்டினார். இப்போது அவர் மகள் சுஜாதா படிக்க வேண்டும். ஆனால் நாராயணப்பனின் சமாதி எங்கே இருக்கிறது என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. ஊரடங்குக் கோடையில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகையில் சூளகிரி தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உறவுக்காரர்கள் வர வழியில்லை. அண்டை நிலத்துக்காரர்கள் இரண்டு மூன்று பேரும் மகன் ராஜ்குமாரும்தான் குழி வெட்டினார்கள். இடுப்பளவு போனதும் பாறை தட்டியது. அதற்கு மேல் கடப்பாரை இறங்கவில்லை. அந்த ஆழத்திலேயே வைத்து மூடினார்கள். கல் கட்ட மேஸ்திரி கிடைக்கவில்லை; தலைமாட்டில் மூன்று கல்லை மட்டும் வைத்தார்கள். அந்த வருடமே ஆழ்துளைக் கிணறு வற்றியது. ராஜ்குமாருக்கு மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைக்க, தாயும் பிள்ளைகளும் அங்கே லைன் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். உழாத நிலத்தில் வேலிகாத்தான் என்னும் சீமைக் கருவேல முள் ஏறியது.

முதல் வருட மாளய அமாவாசைக்கு நஞ்சம்மா உள்ளே நடந்துபோய்ப் படையல் வைத்தாள். அடுத்த வருடம் செடி இடுப்புக்கு வந்திருந்தது. அதற்கடுத்த வருடம் ஓரத்திலேயே இலை போட்டு, முட்காட்டைப் பார்த்துக் கும்பிட்டுத் திரும்பினாள். அதன் பிறகு எல்லா வருடமும் அப்படியேதான்.

"என்னாமா நீ. ஜூஜுவாடில எனுக்குத் தெரிஞ்சவன் ஜேசிபி வெச்சிருக்கறான். காலைல வந்தான்னா மத்தியானத்துக்குள்ள மொத்தக் காட்டையும் வழிச்சிப் போட்டுருவான்," என்றான் ராஜ்குமார்.

"வழிச்சிப் போடுவான். அந்த வாளியில மண்ணோட உங்கப்பனையும் வழிச்சிப் போடுவான். எடம் தெரியுமா உனுக்கு?"

"மோட்டார் ரூமுக்கு மேக்கால."

"மேக்காலயா? நான் மோட்டார் ரூமு செவுத்துல சாஞ்சி உக்காந்து அழுதன். காலைல வெயிலு மூஞ்சில அடிச்சிது. கெழக்காலடா."

"அழுத மூஞ்சிக்கு எந்தப் பக்கம் வெயிலுன்னு எங்க தெரியும்?"

"அம்மா சொல்றதும் தப்பு, அண்ணன் சொல்றதும் தப்பு," என்றாள் அடுப்படியிலிருந்து சுஜாதா. "ரெண்டு பேரும் ஒரே எடத்தச் சொன்னாத்தான் நம்பலாம். அதுவரைக்கும் கையாலதான் வெட்டணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராஜ்குமார் தன்னோடு வேலை செய்யும் கருப்பசாமியைக் கூட்டிக்கொண்டு போனான்; நஞ்சம்மாவும் சுஜாதாவும் கூடப் போனார்கள். கருப்பசாமி இராமநாதபுரம் பக்கத்துக்காரன். அதே லைன் வீட்டில் பக்கத்துக் கதவு. அவன் அப்பா காலத்திலிருந்து கரிமூட்டம் போட்ட குடும்பம். ராஜ்குமார் வேலிகாத்தான் என்பதை அவன் கருவை என்பான். நஞ்சம்மா தன் தாய்வீட்டுக் கன்னடத்தில் ஜாலி என்பாள். எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் முள் ஒரே மாதிரிதான் குத்தியது.

பனி விலகாத காலையில் கருப்பசாமி காதுவரை மப்ளர் சுற்றி, அதற்கு மேல் கம்பெனி ஜெர்கின் போட்டு, கைகளைத் தொடைக்கிடுக்கில் சொருகி நின்றான்.

"ஒங்க ஊரு குளிருக்கு... எங்க ஊருல பொணத்தக்கூட இம்புட்டுப் போத்த மாட்டாக மாப்ள," என்றவன், நஞ்சம்மாவைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். "தப்பா எடுத்துக்கிறாதிக ஆத்தா. வாயி முந்திருச்சு."

"பரவால்ல சாமி. அவுரும் இப்பிடித்தான், எழவு வூட்லயே சிரிக்க வெப்பாரு. வெட்டு."

வேலை செய்யும் விதம் இதுதான். கருப்பசாமி கவைக்கம்பால் கிளையை ஒதுக்கிப் பிடிக்க, ராஜ்குமார் கொடுவாளால் அடியில் போடுவான். கம்பெனியில் கழித்துப் போட்ட தோல் கையுறை இருவருக்கும் இருந்தது. விழுந்த முள்ளை நஞ்சம்மா கவையாலேயே இழுத்துக் குவிப்பாள். பிறகு அடிமரத்தைச் சுற்றி மண்வெட்டியால் பறித்து, மண்ணுக்குள் ஒரு சாண் கீழே வேர் தடித்திருக்கும் இடத்தைத் தேடி, அதற்கும் கீழே கோடாலியை வைக்க வேண்டும்.

"கழுத்துக்குக் கீழ வெட்டணும் மாப்ள. மேல வெட்டுனா ஒண்ணுக்கு ஒம்பதாத் தளுக்கும்."

"உங்க ஊருல எல்லாரும் இப்பிடித்தான் தோண்டுவீங்களா?"

"தோண்டுனா எங்கப்பன் என்னையத் தோண்டிப் பொதச்சிருப்பாரு. அங்க கழுத்தத் தொடவே மாட்டோம். மேலோட வெட்டிட்டு விட்டுருவோம். திரும்பத் தளுக்கும், திரும்ப வெட்டி மூட்டம் போடுவோம். நாங்க வளரணும்னு வெட்டுறோம். நீங்க சாகணும்னு வெட்டுறிக. ஒரே அருவாதான்."

"அருவா இல்ல, கொடுவா."

"வெட்டுதுல்ல, விடு."

கார்த்திகை மழை ஊறிய மண் இளகிக் கொடுத்தது. இருந்தாலும் வெயில் ஏறுவதற்குள் ஒரு பாத்தி அகலத்துக்கு மேல் போக முடியவில்லை. ஷூவின் அடியைத் துளைத்துக்கொண்டு ஒரு முள் கருப்பசாமியின் குதிகாலில் ஏறியது. சுஜாதா ஊக்கால் நெம்பி எடுத்து, வரப்பிலிருந்த எருக்கை ஒடித்துப் பாலை வைத்தாள்.

"கல்யாணப் பொண்ணு முள்ளுக் காட்டுக்கு எதுக்கு வந்துச்சு? கையி பூரா கீறல். மருதாணி வச்சா கோடு கோடாத் தெரியும்," என்றான் கருப்பசாமி வலியில் முகத்தைச் சுளித்தபடி.

"தெரியட்டுமே. கட்டிக்கறவரு கேட்டா பூன பெறாண்டிச்சின்னு சொல்லிக்கறன்."

"அம்புட்டுப் பெரிய பூன எதுன்னு கேப்பாரு."

"நீங்கதான்னு காட்டிருவன்."

மத்தியானத்துக்குக் களியும் பிதுக்கம் பருப்புச் சாறும். மொச்சைக் கொட்டையை முந்தின ராத்திரி ஊறவைத்து, தோல் பிதுக்கி, மசாலா அரைத்துச் சுஜாதா வைத்திருந்தாள். கருப்பசாமி களி உருண்டையைப் பிட்டு வாயில் போட்டு மென்றான். மென்றுகொண்டே இருந்தான்.

"மெல்லாத சாமி, முழுங்கணும்," என்றாள் நஞ்சம்மா.

"மெல்லாம எப்பிடி ஆத்தா உள்ள போகும்?"

"சாத்துல தோச்சி வுடு. அதுவே போயிக்கும்."

அவன் தோய்த்து விழுங்கி, கண் பிதுங்க நெஞ்சை நீவிக்கொண்டதைப் பார்த்து நஞ்சம்மா சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்து ராஜ்குமார் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. தட்டிலிருந்து கையை எடுக்காமல் அம்மாவையே பார்த்தான்.

அதற்கடுத்த ஞாயிறும் வெட்டினார்கள். மோட்டார் ரூமுக்குக் கிழக்கே ஒன்றுமில்லை, மேற்கேயும் ஒன்றுமில்லை. அதன் பின்சுவரிலிருந்து உள்ளே, நிலத்தின் நடுவை நோக்கிப் போகப் போகக் காடு இருண்டது. மாலை வெயில் சாய்ந்தபோது கருப்பசாமி கோடாலியை ஊன்றி நின்றான்.

"மாப்ள, ஒண்ணு கவனிச்சியா? ஓரத்துல எல்லாம் கைத் தண்டி. இங்க தொடத் தண்டி. உள்ள போகப் போக வயசு கூடுது. நடுவுல தாய் மரம் ஒண்ணு நிக்கிது. அதுல இருந்து காயி விழுந்து, ஆடு தின்னு, காடு பூரா புழுக்க போட்டு வெதச்சிருக்கு. முதல்ல வந்தது அந்த ஒண்ணுதான்."

ராஜ்குமார் ஓங்கிய கொடுவாள் மெல்லக் கீழே இறங்கியது.

முள்ளை இழுத்துக்கொண்டிருந்த நஞ்சம்மாவும் நின்றுவிட்டாள். "அதுக்கு எத்தினி வயசு இருக்கும் சாமி?"

"பாத்தாத்தான் தெரியும் ஆத்தா. ஒரு அஞ்சு வருசம் சொல்லலாம்."

"இன்னிக்குப் போதும்," என்றான் ராஜ்குமார்.

பேருந்தில் திரும்பினார்கள். நெடுஞ்சாலையில் ஓசூர்வரை லாரிகள் நகராமல் நின்றன. நஞ்சம்மா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். தான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமா என்று கருப்பசாமி சுஜாதாவைப் பார்த்தான். அவள் உதட்டைப் பிதுக்கினாள். அந்த வாரம் முழுக்க ராஜ்குமார் கம்பெனி கேன்டீனில் தட்டைப் பாதியில் வைத்தான். வீட்டில் அம்மாவும் அப்படித்தான். ஒருவரிடம் ஒருவர் காரணம் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது ஞாயிறு அந்த மரத்தை அடைந்தார்கள். மோட்டார் ரூமைவிட உயரம். அடியிலேயே மூன்றாகக் கவைத்து, கிளைகள் நாலாபக்கமும் தரையைத் தொட வளைந்து, கூடாரம்போல நின்றது. கருப்பசாமி ஒரு பக்கக் கிளையை மட்டும் கழித்துக் குனிந்து உள்ளே பார்த்தான். பார்த்ததும் கோடாலியைக் கீழே வைத்துவிட்டுச் பின்னால் வந்தவர்களை நிறுத்தினான்.

"ஆத்தா, வந்து பாருங்க. செருப்பக் கழத்திருங்க."

உள்ளே புல் இல்லை. உதிர்ந்த இலை மெத்தென்று கிடந்தது. அடிமரத்தை ஒட்டி மூன்று கற்கள். நடுவிலிருந்த கல்லுக்குப் பக்கத்தில் கவிழ்த்துவைத்த எவர்சில்வர் டம்ளர். மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு, அவர் டீ குடிக்கிற டம்ளரைத் தலைமாட்டில் கவிழ்த்தது நஞ்சம்மாதான். ஒரு வேர் மண்ணுக்கு மேலே வந்து டம்ளரை ஒரு பக்கம் அணைத்துக்கொண்டு மறுபடி மண்ணுக்குள் போயிருந்தது.

நஞ்சம்மா முட்டியிட்டு உட்கார்ந்தாள். இலையைக் கையால் ஒதுக்கினாள். "இங்கதான் இருக்காரு," என்றாள், யாரோ வீட்டுக்குள் தூங்குவதுபோலச் சன்னமாக.

ராஜ்குமார் வெளியே வெயிலில் நின்றிருந்தான்.

"நாந்தாம்மா," என்றான்.

"என்னா நீ?"

"முள்ளு. ஏரிக்கரயில வெட்டுனது நானு. கெளையில காயி இருந்துச்சி. மஞ்சளா, கொத்துக் கொத்தா. பாத்தன். ஒதறிட்டுப் போடணும்னு தோணல. அப்பிடியே கொண்டாந்து அப்பா மேல போட்டன். அதுதான் மொளச்சிருக்குது. நம்ம நெலத்துல அதுக்கு முன்னாடி ஒரு வேலிகாத்தான் கெடையாது."

கருப்பசாமிக்கு அப்போதுதான் புரிந்தது. புதைத்த மண் இளக்கமாக இருக்கும்வரை நாயோ நரியோ தோண்டாமலிருக்க மேலே முள் போடுவது அவன் ஊரிலும் உண்டு. குழியோ இடுப்பளவு. நெடுஞ்சாலை ஓரத்தில் கோழிக் கழிவு தின்று பழகிய நாய்க்கூட்டம் அப்போது ஊரடங்கில் தீனி இல்லாமல் நிலத்துக்குள் திரிந்துகொண்டிருந்தது.

"நீ எதுக்குடா உன்னச் சொல்லிக்கற?" என்றாள் நஞ்சம்மா. "முள்ளு போடு, முள்ளு போடுன்னு தலையில அடிச்சிக்கினது யாரு? ஒரு கட்டு போதும்மான்னு சொன்ன. பத்தாதுன்னு மறுக்காவும் ஏரிக்கரைக்கு ஓட்டுனது நானு. போன வாரம் இந்தப் புள்ள தாய் மரம்னு சொன்னதுலருந்து எனுக்குச் சோறு எறங்கல. ரெண்டு ஏக்கரையும் நானே முள்ளாக்கிட்டு, ஜாலியத் திட்டிக்கினு கெடந்திருக்கறன்."

"நாயி வந்துச்சா?" என்று கேட்டாள் சுஜாதா.

இருவரும் திரும்பினார்கள்.

"நாயி வந்து தோண்டுச்சா, இல்லியா?"

"இல்ல. எங்க தோண்டுச்சி?" என்றாள் நஞ்சம்மா.

"அதுக்குத்தான போட்டது. அது வேலைய அது செஞ்சிருச்சி. அஞ்சு வருசமா ஒரு நாயிகூட அப்பாகிட்ட வரல." சுஜாதா கவிழ்ந்திருந்த டம்ளரைப் பார்த்தாள். "நம்மளும் வரல."

ராஜ்குமார் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நஞ்சம்மா அவன் தலையில் விழுந்திருந்த இலையை எடுத்தாள்.

மற்ற மரங்களைப்போல இதையும் முடிக்க வேண்டுமே என்ற கேள்வி அதன் பிறகுதான் வந்தது. கருப்பசாமி கடப்பாரையைத் தூரத்திலேயே வைத்துவிட்டு வந்தான்.

"மரத்த விட்டா வருசா வருசம் காய்க்கும். நாம பட்ட பாடு வீணாப் போயிரும். வெட்டித்தான் ஆகணும். ஆனா கழுத்த எடுக்கணும்னா..." மூன்று கற்களையும் பார்த்தான்.

"கடப்பாரை போடக் கூடாது," என்றாள் நஞ்சம்மா. "இடுப்பளவுதான் குழி. வேரு அவுர எட்டியிருக்கும். இத இழுத்தா அவுருக்கு வலிக்கும்."

"வெட்டிட்டு டீசல் ஊத்துனா பட்டுப் போவும்னு சொல்றாங்க," என்றான் ராஜ்குமார்.

"எங்க ஊத்துவ? அவுரு தல மேலயா?"



"மேலோட வெட்டிருவோம் ஆத்தா," என்றான் கருப்பசாமி. "எங்க ஊரு வெட்டு. தளுக்கும். தளுக்கத் தளுக்கக் கையாலயே கிள்ளிறலாம். குருத்து முள்ளு குத்தாது, பூவாட்டம் இருக்கும். ஆனா விடாமக் கிள்ளணும். கொஞ்ச நாளு அசந்தாலும் மரமாயிரும். யாராச்சும் வந்துக்கிட்டே இருக்கணும்."

"யாராச்சும் என்னா? நான் வர்றன்," என்றாள் நஞ்சம்மா. அவள் அவ்வளவு சீக்கிரம் சொல்வாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

கருப்பசாமியே வெட்டினான். ஓங்கிப் போடாமல், கிளை கிளையாகக் கழித்து, ஒவ்வொன்றையும் கையில் தாங்கி இறக்கி, கடைசியில் அடிமரத்தை ரம்பத்தால் முழங்கால் உயரத்தில் அறுத்தான். ராஜ்குமார் மறுமுனை பிடித்தான். காய்க் கொத்துகளை மட்டும் சுஜாதா ஒன்று விடாமல் பொறுக்கிச் சாக்கில் போட்டாள். கூடாரம் இல்லாமல் போனதும் வெயில் ஐந்து வருடத்துக்குப் பிறகு அந்த மண்ணில் விழுந்தது.

வெட்டிய மரம் கல்யாண விறகானது. சமாதி இருக்கும் இடம் தெரிந்துவிட்டதால் சுற்றியிருந்த மிச்சக் காட்டை ஜூஜுவாடி ஜேசிபி வழித்துப் போட்டது. நிலம் முழுக்க வெறுமையாகி, மோட்டார் ரூமிலிருந்து பார்த்தால் நடுவில் மூன்று கல்லும் ஒரு கட்டையும் மட்டும் தெரிந்த ஒரு மார்கழிக் காலையில், நஞ்சம்மா பழுப்புத் தாளைக் கிழித்து முதல் பத்திரிகையை எடுத்தாள். மூலைகளில் மஞ்சள் தடவினாள். வெற்றிலை பாக்கோடு கட்டையின் மேல் வைத்தாள். வேரின் பிடியிலிருந்து விலக்காமலே டம்ளரை நனைந்த துணியால் துடைத்து, அதன் முதுகில் ஒரு பொட்டு வைத்தாள்.

"படி கண்ணு."

சுஜாதா பத்திரிகையைக் கையில் எடுத்துப் படித்தாள். மாதம், தேதி, நேரம், மண்டபம் எல்லாம் படித்தாள். மாப்பிள்ளை பெயர் வந்தபோது கருப்பசாமி தொண்டையைக் கனைத்தான். அவள் முறைத்துவிட்டுத் தொடர்ந்தாள். பெண்ணின் பெற்றோர் என்ற இடத்துக்கு வந்தாள். அங்கே அப்பாவின் பெயருக்கு முன்னால் தெய்வத்திரு என்று அச்சடித்திருந்தது. அவள் ஒரு நொடி நின்றாள்.

"திரு. நாராயணப்பன், திருமதி. நஞ்சம்மா அவர்களின் மகள்," என்று படித்தாள்.

நஞ்சம்மா மகளைத் திருத்தவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தவறாம வந்துருப்பா," என்றான் ராஜ்குமார் கல்லைப் பார்த்து. பத்திரிகை வைக்கிற இடத்திலெல்லாம் சொல்வதைத்தான் சொன்னான். அன்று சாயங்காலமே ஊருக்குப் பத்திரிகை வைக்கப் புறப்பட்டார்கள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பந்தியில் சாம்பார் வாளியோடு கருப்பசாமி ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டார் அவனைப் பெண்ணின் தாய்மாமன் என்று நினைத்துக்கொண்டார்கள். சுஜாதா அத்திப்பள்ளிக்குப் போய்விட்டாள்.

மாசியில் மிச்ச விறகை வண்டியேற்றக் கருப்பசாமியும் ராஜ்குமாரும் நிலத்துக்குப் போனபோது நஞ்சம்மா கூடவே வந்தாள். உண்மையில் அவள் வாராவாரம் வந்துகொண்டிருந்தாள். கட்டையைச் சுற்றி இளம்பச்சையில் தளிர்கள் விட்டிருந்தன. அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிள்ளினாள். கிள்ளும்போது கல்லைப் பார்த்துப் பேசிய வாய் ஓயவில்லை. சுஜாதாவின் மாமியார் நல்ல மாதிரி, ஆனால் சாற்றில் வெல்லம் போடுகிறாள். ராஜ்குமாருக்கு ராத்திரி ஷிப்ட் மாற்றிவிட்டார்கள். அவனுக்கும் ஒரு பெண் பார்க்க வேண்டும். இப்படியே போனது பேச்சு.

விறகுக் கட்டை இறக்கிவைத்துவிட்டுக் கருப்பசாமி பக்கத்தில் வந்து குந்தினான்.

"இது எத்தினி நாளைக்கித்தான் தளுக்கும் சாமி?" என்று கேட்டாள் நஞ்சம்மா.

"கவலப்படாதிக ஆத்தா. விடாமக் கிள்ளுனா வேருல சத்து கொறஞ்சிரும். ஒருநா அதுவே அலுத்துப்போயி நிறுத்திரும்."

நஞ்சம்மாவின் விரல்கள் ஒரு தளிரின் மேல் அப்படியே நின்றன.

"நிறுத்திருமா?"

கருப்பசாமி அவள் முகத்தைப் பார்த்தான். மடியில் சேர்ந்திருந்த தளிர்க் குவியலைப் பார்த்தான். பிறகு கட்டையைத் தட்டிப் பார்ப்பதுபோல இரண்டு தட்டுத் தட்டினான்.

"லேசுல நிறுத்தாது ஆத்தா," என்றான். "கருவையாக்கும்."

"ஆமாமா, ஜாலியாச்சே," என்று சொல்லிவிட்டு நஞ்சம்மா அடுத்த தளிரைக் கிள்ளினாள்.